மூன்று பேர் பிடிக்கிற மெஷின்

தேயிலை வெட்டும் மெஷினை யாரோடு வேண்டுமானாலும் சேர்ந்து பிடிக்கலாம், சொந்தக்காரர்களோடு மட்டும் பிடிக்கக் கூடாது. நான் பிடித்தேன். அதுவும் பல வருஷம். எஞ்சின் இருக்கிற முனையில் என் வீட்டுக்காரர், மறுமுனையில் நான், பின்னால் இழுபட்டு வருகிற நீளமான பையைப் பிடித்துக்கொண்டு அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார். மூன்று பேரும் ஒரே வேகத்தில் ஒரே பக்கமாக நடந்தால்தான் அந்த மெஷின் ஒழுங்காக வெட்டும். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினாலே ஆளுக்கொரு பக்கம் நிற்கிற குடும்பம் எங்களுடையது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, மெஷினைச் செடிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கத்தி கொழுந்தை வெட்டும், மெஷினிலிருந்து வருகிற காற்று அதைப் பைக்குள் தள்ளும். சமதரையில் இது பெரிய வேலை இல்லை. எங்களுக்கு வாய்த்ததோ ஆட்டுக்குட்டிகூட யோசித்து இறங்குகிற சரிவு. என் வீட்டுக்காரர் நெட்டை, நான் குட்டை. அவர் கீழ்ப்பக்கமும் நான் மேல்பக்கமுமாகப் போகிற வரைக்கும் மெஷின் மட்டமாக இருக்கும். வரிசை முடிந்து திரும்பும்போது மெஷினைத் திருப்புவோம், இடமும் மாறிப்போகும். நெட்டை மேலே, குட்டை கீழே. அந்தப் பயணம் முழுக்க நான் கொடியில் போட்ட துணி மாதிரி கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வருவேன்.

“திரும்புறப்போ எடத்த மாத்திக்கலாம்ங்க, நீங்க கீழ வாங்க” என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

“எஞ்சின் பக்கம் எனக்குப் பழகிப்போச்சு. உனக்குப் புடிக்கத் தெரியாது. அப்படியே புடி லா.” எங்கள் ஊரில் பேச்சை முடிக்க ஒரு ‘லா’ போதும்.

மெஷின் ஒரு பக்கம் சாய்ந்து வரும். சாய்ந்து வெட்டினால் ஒரு பக்கம் கொழுந்து தப்பிக்கும், மறுபக்கம் காம்பும் முற்றல் இலையும் சேர்ந்து விழும். அடுத்த முறை அந்தச் செடி மேடும் பள்ளமுமாகத் துளிர்க்கும். கீழே ரோட்டில் காரை நிறுத்தி எங்களைப் படம் பிடிக்கிற சுற்றுலாக்காரர்களுக்கு அது பச்சைக் கம்பளமாகத் தெரியலாம். பக்கத்தில் வந்து பார்த்தால், வீட்டில் தானே முடி வெட்டிக்கொண்டவன் தலை.

இதில் என் நாத்தனார் தனி ரகம். பைக்காரருக்கு ஒரே வேலைதான், பை சேற்றில் புரளாமல் பின்னால் வர வேண்டும். இவர் என்ன செய்தார் என்றால், தன் தம்பி பக்கத்துக் கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டி, அதைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவர் முதுகோடு ஒட்டி நடந்து வருவார். கயிறு மெஷினைப் பின்னால் இழுக்கும். நான் முன்னால் போகப் பார்ப்பேன், என் வீட்டுக்காரர் முனை பின்தங்கும்.

“அண்ணி, அந்தக் கயித்த விடுங்க! மெஷின் வரமாட்டேங்குது!”

“பை நனையும் புள்ள. நீ முன்னாடி பாத்து நட.”

பை எந்தப் பக்கம் நனைகிறது, கயிறு எந்தப் பக்கம் இருக்கிறது? கேட்டால் கயிற்றை இன்னும் இறுக்கிக்கொள்வார். கேட்பதை நான் நிறுத்தவும் இல்லை.

பத்து மணிக்குத் தேநீர் நேரம். மூவரும் லோரி வருகிற பாதையோரம் உட்காருவோம். என் வீட்டுக்காரர் பிளாஸ்கை எடுப்பார், என் முன்னால் நீட்டுவார். நான் மூடியைத் திறந்து ஊற்றிக் கொடுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் தானே திறந்து எனக்கும் ஊற்றிக் கொடுத்த மனுஷன்தான். வயசாக ஆகத் துரைத்தனம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். பிளாஸ்க் மட்டுமா? ஊறுகாய் பாட்டில், ஸ்வெட்டர் ஜிப், வீட்டுக் கதவின் தாழ்ப்பாள், எல்லாமே “கொஞ்சம் பாரு”தான். “ஒங்களுக்கு என்ன கை இல்லையா?” என்று நான் கேட்பதும், அவர் சிரித்து மழுப்புவதும் தினமும் நடக்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் எங்கள் துரை கை வைத்தார். துரை என்றால் எஸ்டேட் மானேஜர். தமிழர்தான், எங்களைவிட வயதில் சிறியவர், ஆனாலும் மலையில் மானேஜர் என்றால் துரைதான். சரிவுத் தேயிலைக் காட்டிலிருந்து வருகிற கொழுந்தில் காம்பு அதிகம் என்று ஃபேக்டரியிலிருந்து அவருக்குக் காதைத் திருகியிருந்தார்கள். அவர் நேராக எங்கள் காட்டுக்கு வந்தார்.

“சரிவுக்கு இந்தப் பெரிய மெஷின் சரிப்படாது. ஒரே ஆள் புடிக்கிற பேட்டரி மெஷின் வந்திருக்கு. ஒங்க காட்டுக்கு ரெண்டு தரப்போறேன். வர்ற வாரம் ஓட்டிப் பாப்போம்.”

“மூணு பேர் இருக்கோமே துரை” என்றேன்.

“ரெண்டு மெஷினுக்கு ரெண்டு ஆள்தான். பையும் மெஷின்லயே மாட்டியிருக்கு. மூணாவது ஆளுக்கு இங்க வேல இல்ல.”

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். எனக்குக் கவலை வந்துவிட்டது. மெஷினைப் பற்றிய கவலை இல்லை. எங்கள் எஸ்டேட்டில் பெயர் வேலையில் இருந்தால்தான் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இடம். என் நாத்தனார் புருஷனை இழந்தவர், பிள்ளை இல்லை, எங்களுக்கு எதிர் லயத்தில் தனியாக இருக்கிறார். பைக்கு ஆள் வேண்டாம் என்றால் அவர் பெயர் போகும். பெயர் போனால் வீடு போகும். வீடு போனால் அவர் எங்கே வருவார்? கீழே ரிங்லெட் டவுனில் ரூம் எடுத்தா இருப்பார்? சட்டி முட்டியோடு நேராக என் வீட்டுக்குத்தான் வருவார்.

ஒரு மழைக்காலத்தில் அவர் வீட்டுக் கூரை ஒழுகியபோது எங்களோடு வந்து தங்கினார். அந்தக் கொஞ்ச நாளில் என் உப்பு ஜாடி அடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நான் மடித்து வைத்த துணியை எல்லாம் பிரித்து அவர் முறைப்படி மடித்தார். நான் குழம்பு கொதிக்கட்டும் என்று திரும்பினால் தீயைக் குறைத்துவிடுவார். சீரியல் பார்க்க உட்கார்ந்தால், “இவ அழுவறது நடிப்பு மாதிரியே இல்ல?” என்று முடிகிற வரைக்கும் பேசுவார். அப்புறம் என்ன, நடிப்பு நடிப்பு மாதிரிதானே இருக்கும்? நல்லவர்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. எதிர் லயத்தில் இருக்கிற வரைக்கும் ரொம்ப நல்லவர்.

ஆகவே பேட்டரி மெஷின் வரக் கூடாது என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரரும் என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன், தன் அக்காவின் வீடல்லவா போகப் போகிறது? அவரோ சந்தோஷத்தில் குதிக்காத குறையாக இருந்தார்.

“நல்ல மெஷின். லேசா இருக்குமாம். அதிராதாம். போன்ல வீடியோ பாத்தேன்.”

“வீடியோவுல எல்லாம் லேசாத்தான் இருக்கும். ஒங்க அக்கா வீட்டுக்கு என்ன வழி?”

“பாத்துக்கலாம் லா.”

“யாரு பாத்துக்கிறது? நானா?”

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். எங்கள் வீட்டில் ‘பாத்துக்கலாம்’ என்றால் நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். கூடப் பிறந்தவளின் வீட்டைவிட மெஷினின் கனம்தானா பெரிதாகப் போய்விட்டது இந்த மனுஷனுக்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நாத்தனாரிடம் போய்ச் சொன்னால் அவராவது அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவார், துரையிடம் போய் நிற்கலாம் என்று பார்த்தேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே, “லேசான மெஷின்னா நல்லதுதானே புள்ள. தம்பிக்கு நல்லது” என்றார். வீடு போகப் போகிறவருக்குக் கவலை இல்லை, வீட்டில் வைத்துச் சோறு போடப் போகிறவள் கிடந்து துடிக்கிறேன்.

ஓட்டிப் பார்க்கிற நாள் வந்தது. மலையில் பனி இறங்கி, வாயைத் திறந்தால் புகை வருகிற காலை. ஈப்போவிலிருந்து விற்பனைக்காரர் ஒருவர் வேனில் மெஷினைக் கொண்டுவந்திருந்தார். காலில் வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு தேயிலைக் காட்டுக்கு வந்த முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். மெஷினை வேனின் பின்பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு, துரையைப் பார்க்க ஆபீஸ் பக்கம் போனார்.

அந்த இடைவெளி போதும் என் நாத்தனாருக்கு. எங்கள் லயத்தில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் அவர்தான் பூசை போடுவார். மோட்டார் சைக்கிள், கார், ஃபிரிட்ஜ், ஒருத்தன் வாங்கிய பெரிய டிவிக்குக்கூடக் கற்பூரம் காட்டியவர். காட்டில் சோதனைக்கு வந்த மெஷினை மட்டும் சும்மா விடுவாரா? கையோடு கொண்டுவந்திருந்த சந்தனத்தைக் குழைத்து, கண்ணில் பட்ட இடமெல்லாம் பொட்டு வைத்தார். கத்தி உறைக்கு ஒன்று, கைப்பிடிக்கு ஒன்று, முதுகில் மாட்டுகிற பேட்டரிக்கு ஒன்று. பேட்டரியில் வயர் சொருகுகிற குழி சாமியின் நெற்றி மாதிரியே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அங்கே தாராளமாக ஒரு அப்பு. அதன் மேலே குங்குமம். ஓர் எலுமிச்சம்பழத்தையும் நசுக்கி நாலு பக்கமும் பிழிந்தார்.

துரையும் விற்பனைக்காரரும் வந்தார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் என்று முன்னாலேயே பேட்டரியை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றார். பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அமுக்கினார். மெஷின் சிவனே என்று இருந்தது.

எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம்! “பாத்தீங்களா துரை, மொத நாளே வேல செய்யல. இதுக்கு நம்ம பழைய மெஷினே தேவல” என்று சத்தமாகவே சொன்னேன்.

விற்பனைக்காரர் வயரைப் பிடுங்கிக் குழிக்குள் எட்டிப் பார்த்தார். “அலமாக்! யாரு இது? என்ன இது உள்ள?”

“சந்தனம்” என்றார் என் நாத்தனார் பெருமையாக. “நல்ல சந்தனம். பழனியிலேருந்து வந்தது.”

அந்த மனிதர் வேனில் இருந்து குச்சியும் பஞ்சும் எடுத்துவந்து, தலையில் அடித்துக்கொண்டே சுத்தம் பண்ணினார். துரை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எவ்வளவு குடைந்தும் கொஞ்சம் குங்குமம் உள்ளேயே தங்கிவிட்டது, ஆனால் மெஷின் ஓடியது. என் சந்தோஷமும் அதோடு முடிந்தது.

என் வீட்டுக்காரர் வெட்ட ஆரம்பித்தார். மெஷின் நிஜமாகவே லேசுதான், சத்தமும் குறைவுதான். முதல் சில செடி நன்றாகத்தான் போனது. அப்புறம் கத்தி திடீரென்று தாழ்ந்து ஒரு செடியைத் தோண்டியது. நிமிர்த்தினார். அடுத்த செடியில் மறுபடியும் தோண்டினார்.

“சப்பாத்து வழுக்குது” என்றார்.

சப்பாத்து வழுக்கினால் ஆள் சாய வேண்டும், கத்தி ஏன் சாய்கிறது? நான் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மெஷின் அவர் கையிலிருந்து நழுவிச் செடிமேல் விழுந்தது. வயர் முதுகில் இருந்த பேட்டரியோடு பிணைந்திருந்ததால் அவரும் கூடச் சாய்ந்தார். விற்பனைக்காரர் ஓடிப்போய் மெஷினைத் தூக்கினார். என் நாத்தனார் ஓடிப்போய்த் தம்பியின் கையைப் பிடித்தார்.

அந்தக் கையை அப்போதுதான் நான் பார்த்தேன். ஒரே வீட்டில் இருக்கிறேன், ஒரே மெஷினைப் பிடிக்கிறேன், அவரோ காட்டுக்கு வந்ததும் கையுறை போட்டால் வேலை முடிந்துதான் கழற்றுவார். விழுந்த வேகத்தில் அது கழன்றிருந்தது. விரல் நுனியெல்லாம் ரத்தமே இல்லாமல் அரிசி மாவு தொட்ட மாதிரி வெளுத்துக் கிடந்தது. மடக்கச் சொன்னால் மடங்கவில்லை. என் நாத்தனார் அந்த விரல்களைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். பழகிய தேய்ப்பு அது. எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“எத்தன நாளா இப்படி?” என்றேன்.

வீட்டுக்காரர் செடியைப் பார்த்தார். நாத்தனார்தான் சொன்னார்.

“ரொம்ப நாளாச்சு புள்ள. எஞ்சின் அதிர்ந்து அதிர்ந்து இப்படி ஆயிருச்சு. குளிர்ல பிடியே கெடையாது. அதான் நான் கயித்தப் போட்டுத் தூக்கிக்குவேன். கனம் பாதி என் தோள்ல வந்துரும்ல.”

கயிறு. பை நனைகிறது என்ற கயிறு. பிளாஸ்க் மூடி. ஊறுகாய் பாட்டில். ஸ்வெட்டர் ஜிப். லேசான மெஷின் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது. எல்லாம் ஒன்றாக வந்து என் முகத்தில் அடித்தது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது, அப்படி ஒரு கோபம்.

“ஏன் எங்கிட்ட சொல்லல? நான் யாரு, பக்கத்துக் காட்டுக்காரியா? அக்காவுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், நடுவுல கத்திக்கிட்டு வர்ற எனக்கு மட்டும் தெரியக் கூடாதா?”

“சொன்னா நீ எஞ்சின் பக்கம் வந்து புடிப்பேன்னு நிப்ப” என்றார் அவர். “அப்புறம் ஒனக்கும் இப்படி ஆகும்.”

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மனுஷனிடம் சண்டை போடுவதற்குக்கூட ஒரு சரியான இடம் கிடைப்பதில்லை.

நாங்கள் இப்படி நிற்கிறபோது துரை தொண்டையைச் செருமி, “சரி, மத்தவங்க புடிச்சுப் பாருங்க” என்றார். நான் பிடித்தேன், வந்தது. மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்ற தொல்லையே இல்லை, குட்டையான என் உயரத்துக்கே செடி மட்டமாக வெட்டுப்பட்டது. அப்புறம் நாத்தனார் பேட்டரியை மாட்டினார். ஆண்டாண்டாக ஒரு எஞ்சினைத் தோளால் தூக்கி நடந்தவருக்கு இது என்ன கனம்? அலட்சியமாக வரிசை முழுக்க வெட்டிக்கொண்டு போய், திரும்பியும் வந்தார். “பூச போட்ட மெஷின் லா” என்று விற்பனைக்காரரிடம் வேறு சொன்னார்.

ஆக, ரெண்டு மெஷினுக்கு ரெண்டு ஆள் கிடைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. துரை என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் கையுறையை மாட்ட முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு ஆபத்து இல்லை, என் பெயர் வேலையில் இருக்கிறது. ஆனால் விவரம் தெரிந்த நாளாகக் காட்டுக்குப் போன மனுஷன் காலையில் எழுந்து லயத்து வாசலில் உட்கார்ந்து எங்களை வழியனுப்புவாரா? நினைத்துப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் நான் பேசினேன். பழைய மெஷினுக்கு வக்காலத்து வாங்க வைத்திருந்த வாயை எல்லாம் இதற்குத் திருப்பினேன். “துரை, பேட்டரி தீந்தா யாரு மேல கொண்டாருவா? நாங்க மெஷினப் போட்டுட்டு எறங்கிப் போயி ஏறி வந்தா பாதி நாள் போயிரும். கத்திக்கு எண்ணெ யாரு போடுவா? மொக்கையான கத்திய யாரு பாத்துச் சொல்லுவா? பேட்டரிய யாரு நனையாம வெச்சு சார்ஜு போடுவா? இவருக்கு மோட்டார் ஓட்டத் தெரியும். மெஷின் சத்தத்த வெச்சே கத்தி எப்படியிருக்குன்னு சொல்லுவாரு. மூணாவது ஆள் இல்லாம ரெண்டு மெஷினும் ரெண்டு நாள்ல படுத்துரும்.”

துரை விற்பனைக்காரரைப் பார்த்தார். “அது வாஸ்தவம்தான் சார். பேட்டரிக்கு ஒரு ஆள் இருந்தா நல்லது” என்றார் அவர். சந்தனத்தையும் குங்குமத்தையும் மறக்காதவராக, “கண்டிப்பா ஒரு ஆள் இருக்கணும்” என்று சேர்த்துக்கொண்டார். பார்ப்போம், கொஞ்ச காலம் ஓடட்டும் என்றார் துரை. அதுவரைக்கும் போதும் எனக்கு.

தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அந்த மாதிரி வெட்டுகிற மெஷின் எதையும் இனிமேல் பிடிக்கக் கூடாது, கையைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். வருகிற வழி முழுக்க நான் திட்டிக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

இப்போது அவர் மோட்டாரில் கூடை கட்டி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய பேட்டரிகளைக் கொண்டுவருகிறார். மேலே நிற்கிற எங்களைப் பார்த்து, “கத்தி இழுக்குது, நிறுத்து” என்று கீழே இருந்தே அதிகாரம் பண்ணுகிறார். என் நாத்தனார் எனக்கு முன்னால் வெட்டிக்கொண்டு போய், “என்ன புள்ள, இன்னும் அங்கயே நிக்கிற?” என்று கேட்கிறார். எதிர் லயத்தில்தான் இருக்கிறார், அந்த ஒரு நிம்மதி. மற்றபடி என் தலைவலி எதுவும் குறையவில்லை.

புது மெஷின் வந்த முதல் வாரத்தில் ஒரு நாள் தேநீருக்கு உட்கார்ந்தோம். அவர் பிளாஸ்கை எடுத்தார். வழக்கம் போல என் முன்னால் நீட்ட வந்தவர், எனக்கு எல்லாம் தெரியும் என்பது நினைவுக்கு வந்த மாதிரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, தானே மூடியைத் திருகப் பார்த்தார். விரல் வழுக்கியது. பக்கத்தில் இருந்த அவருடைய அக்கா கையை நீட்டினார்.

“விடுங்க அண்ணி” என்று நான் பிளாஸ்கைப் பிடுங்கினேன். “அது என் வேல.”

திறந்து ஊற்றினேன். சூடு ஆறும் வரை அவர் விரல்களைக் கோப்பையைச் சுற்றி வைத்து, மேலே என் கையையும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். திட்டிக்கொண்டுதான் பிடித்திருந்தேன்.